கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சா வீட்ல சூடு குறையுமா? வேலூர்ல இருந்து ஒரு ரிவ்யூ

மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம்ல கத்திரி வெயில் நேரத்துல படுத்து எழுந்திருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். அபார்ட்மென்ட்ல நடு மாடில இருக்கறவங்களுக்கு இந்த பெயிண்டால பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல, அவங்க அந்தக் காசை ஜன்னலுக்கு வெளிய நிழல் கட்டறதுக்கு செலவு பண்ணலாம்.

எங்களது வேலூர்ல தனி வீடு, மேல மாடி எடுக்கல, தளத்துக்கு மேல தட்டோடு கூட கெடையாது, வெறும் சிமென்ட் பூச்சுதான். கடலும் பக்கத்துல இல்ல, சுத்தி பாறை மலை, ஏப்ரல் மே வந்தா 40 டிகிரியை தாண்டறது வருஷா வருஷம் நடக்கறதுதான். பகலைக் கூட எப்படியோ ஓட்டிடலாம், ராத்திரிதான் தாங்க முடியாது. கான்கிரீட் உச்சி வெயில்ல வாங்கற சூடு உடனே கீழ வராது, மெதுவா இறங்கி சாயந்திரத்துக்கு மேலதான் ரூமுக்குள்ள விட ஆரம்பிக்கும், வெளிய காத்து கொஞ்சம் ஆறின பிறகும் உள்ள கையை தூக்கி சீலிங்ல வச்சா தோசைக்கல்லு மாதிரி இருக்கும். ஃபேனைப் போட்டா அந்த சூட்டை அள்ளி நம்ம மேலயே கொட்டும். அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, வயசானவங்களுக்கு தாகம் எடுக்கறதே சரியா தெரியாது, வேர்வையும் கம்மி, ராத்திரி முழுக்க உடம்பு ஆறாம இருந்தா மறுநாள் வெயிலைத் தாங்க தெம்பே இருக்காது. அதனாலதான் ஏசி வாங்கலாம்னு எல்லாரும் சொன்னப்போ நான் முதல்ல தளத்தைப் பாக்கணும்னு நின்னேன், சூடு உள்ள வர்ற வழியை அப்படியே விட்டுட்டு உள்ள குளிர வச்சா கரண்ட் பில்தான் ஏறும்.

அடிச்சது வெள்ளை கலர் அக்ரிலிக் கூல் ரூஃப் கோட்டிங். வெறும் சிமென்ட் தளம் விழற வெயில்ல பெரும்பகுதியை உள்ள இழுத்துக்கும், இந்த மாதிரி நல்ல வெள்ளை கோட்டிங் புதுசா இருக்கறப்ப 80 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்பிடும், வேலை இவ்வளவுதான், இதுல மாயம் எதுவும் இல்ல. கடைல கேக்க வேண்டியது எஸ்ஆர்ஐ எவ்வளவுன்னு, அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பி தளத்தை எவ்வளவு சூடாகாம வச்சுக்கும்னு சொல்ற நம்பர். ஸ்டாண்டர்ட் கறுப்புக்கு 0, ஸ்டாண்டர்ட் வெள்ளைக்கு 100ன்னு வச்சு போடற கணக்கு அது, நல்ல கோட்டிங் எல்லாம் 100ஐ ஒட்டியோ தாண்டியோ வரும். டப்பாலயோ டேட்டா ஷீட்லயோ அந்த நம்பர் இல்லன்னா வாங்காதீங்க. சாதாரண வெளிச்சுவர் எமல்ஷனையே கூல் பெயிண்ட்னு சொல்லி விக்கற கடைங்க இருக்கு, அதுவும் வெள்ளைதான், கொஞ்சம் வேலையும் செய்யும், ஆனா மாடி தண்ணி நிக்கற இடம், நடக்கற இடம், அங்க அது சீக்கிரமே உரிஞ்சு வரும்.

வேலைல பாதிக்கு மேல அடிக்கறதுக்கு முன்னாடிதான். பழைய பாசி, தூசி எல்லாம் கம்பி பிரஷ் போட்டு தேச்சு கழுவணும், விரிசலை அடைக்கணும், தளம் நல்லா காயணும், அப்புறம் பிரைமர், அதுக்கு மேல ரெண்டு கோட், ஒரு கோட் காஞ்ச பிறகுதான் அடுத்தது. எங்களுக்கு வந்த ஆளுங்க சீக்கிரம் முடிக்கணும்னு பெயிண்ட்ல தண்ணியை அதிகமா ஊத்தப் பாத்தாங்க, நான் கூடவே நின்னு டப்பால போட்டிருக்கற அளவைக் காட்டி நிறுத்தினேன், நீங்களும் அந்த நேரத்துல மாடிலயே இருங்க. கைப்பிடிச் சுவரோட உள்பக்கமும் தண்ணி டேங்க்கும் சேத்து அடிச்சிடுங்க. கறுப்பு டேங்க் வச்சிருக்கறவங்களுக்கு தெரியும், மே மாசம் மதியம் குழாயைத் திறந்தா கைய வைக்க முடியாது, வெள்ளை அடிச்ச பிறகு அந்தத் தண்ணில முகம் கழுவ முடியுது.

பலன் என்னன்னா, மதியம் ரெண்டு மணிக்கு செருப்பு இல்லாம மாடில நடக்க முடியுது, முன்னாடி நெனச்சுக் கூட பாக்க முடியாது. உள்ள 2ல இருந்து 5 டிகிரி வரைக்கும் குறையும்னு பொதுவா சொல்றாங்க, அனுபவத்துல அது நம்பற மாதிரிதான் இருக்கு. ஏசி போட்ட மாதிரி ஜில்லுனு இருக்கும்னு எதிர்பார்த்து அடிக்காதீங்க. வெளிய 41 இருந்தா உள்ள வெக்கை இருக்கத்தான் செய்யும், ஆனா தலைக்கு மேல இருந்து இறங்கற அந்த அனல் போயிடுச்சு, ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் அம்மா தூங்கிடறாங்க, எனக்கு இதுவே போதும். அப்புறம் ஏசியும் ஒரு ரூமுக்கு போட்டோம்தான், ஆனா 26ல வச்சு கூட ஃபேனை ஓட விட்டாலே சரியா இருக்கு. ஒரு டிகிரி ஏத்தி வச்சா கிட்டத்தட்ட 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எனர்ஜி எஃபிஷியன்சி பீரோவே சொல்லுது, தளம் ஆறி இருந்தாதான் அப்படி ஏத்தி வைக்கவே முடியும்.

குறையும் சொல்லணும். வெயில்ல மாடிக்குப் போனா கண்ணு கூசும், எதிர்ல உயரமான வீடு இருந்தா அவங்க ஜன்னலுக்கும் அடிக்கும். மழைல வழுக்கும், பெரியவங்களை விடாதீங்க. தூசி படிஞ்சா பலன் குறையும், அதனால கோடை ஆரம்பிக்கறப்ப ஒரு தடவை நல்லா கழுவி விடணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி கோட் அடிக்கணும். மேற்கு சுவர் சூட்டுக்கு இது எதுவும் பண்ணாது, அதுக்கு வெளிப்பக்கம் பச்சை நெட் கட்டிருக்கோம், உள்ள திரை போடறதை விட வெளிய நிழல் போடறதுதான் வேலை செய்யுது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருக்கறவங்க இதை அடிக்கவே வேண்டாம், டிசம்பர் ஜனவரில உறைபனி விழற ஊர்ல பகல் வெயில் தளத்துக்குள்ள போறதுதான் வீட்டுக்கு நல்லது. எங்க ஊர்ல மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை சேத்துப் போட்டா போதும்.

செலவு, எங்களுக்கு 800 சதுர அடிக்கு பெயிண்ட், கூலி எல்லாம் சேத்து ஒரு 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி விலைக்குக் கீழதான் வந்துச்சு. அவ்வளவு முடியாதவங்க சுண்ணாம்பு அடிங்க, வெள்ளை சிமென்ட் கலந்து அடிச்சா இன்னும் கொஞ்சம் புடிக்கும், ஒரு மழைக்காலம் போனா கரைஞ்சிடும், ஆனா அந்தக் கோடைக்கு நிச்சயமா உதவும். ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் வீட்டுக்குத்தான் இது ரொம்ப அவசியம், ஷீட் மெல்லிசு, சூடு அப்படியே உடனே உள்ள வரும், அதனால வித்தியாசமும் அங்கதான் அதிகம் தெரியும். தெலங்கானால 2023லயே கூல் ரூஃப் பாலிசி கொண்டு வந்தாங்க, நம்ம அரசும் 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சிருக்கு, ஷீட் வீட்ல இருக்கறவங்களுக்கு இந்த வெள்ளையை இலவசமாவே அடிச்சுக் கொடுக்கணும்னு நான் கேக்கறேன்.

அடிக்கறவங்க பிப்ரவரி மார்ச்லயே அடிச்சிடுங்க. மே மாசத்துல ஆளும் கிடைக்க மாட்டாங்க, கொதிக்கற தளத்துல பெயிண்ட் சரியா இழுக்கறதுக்கு முன்னாடியே காஞ்சும் போயிடும்.