முடி நட முன்பணம் கட்டும் முன்

ஆந்திர எல்லையில் உள்ள எங்கள் நகரி ஊர்ப் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. திருத்தணியும் திருமலையும் அருகில்தானே. முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டதை மறைக்க நானும் வேண்டுதல் என்றே சொன்னேன். அதை நம்பிய அம்மா, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினால் தலையெங்கும் ரத்தப் பொருக்கு. அன்று அம்மா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது 23 வயதாகும் என் சித்தப்பா மகன் அதே மையத்தில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 27 வயது. சென்னை மையத்தில் என்னிடம் பேசிய வெள்ளைக் கோட்டுக்காரரை மருத்துவர் என்றே நினைத்தேன். அவர் விற்பனைப் பிரிவு ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. 3,000 கிராஃப்ட் (எடுத்து நடும் சிறு முடிவேர்க் கொத்து), ஒன்றுக்கு 30 ரூபாய், இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். அப்பாவுக்கு எந்த வயதில் வழுக்கை விழுந்தது, எனக்குச் சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

அறுவை நாளன்று மருத்துவர் வந்தார், நெற்றியில் பேனாவால் கோடு போட்டார், போய்விட்டார். எட்டு மணி நேரம் என் பின்னந்தலையைக் குடைந்து வேர்க்கால்களை எடுத்ததும் முன்னால் நட்டதும் இரண்டு இளைஞர்கள். மருத்துவர் எங்கே என்று கேட்டபோதெல்லாம் பக்கத்து அறையில் இருக்கிறார் என்றார்கள். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொள்வது இந்தச் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை அறிந்திருந்தால் அந்தக் கேள்வியை மேசையில் படுப்பதற்கு முன்பே கேட்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் நட்ட முடியெல்லாம் கொட்டியது. பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தால் எடுக்க ஆளில்லை. அப்படிக் கொட்டுவது இயல்புதான், மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் முளைக்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். இதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் பிறகு நான் குறை சொல்லப் போனபோதெல்லாம் அந்த ஓராண்டையே காட்டி அனுப்பினார்கள். ஓராண்டு முடிந்ததும் உங்கள் உடல்வாகு அப்படி என்றார்கள். நான் படிக்காமல் கையெழுத்திட்ட ஆங்கிலப் படிவத்தை எடுத்து நீட்டினார்கள். எத்தனை கிராஃப்ட் நட்டார்கள் என்ற கணக்கைக் கடைசிவரை தரவில்லை.

அதன்பின் வேறொரு தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் எனக்கு உண்மையைப் புரியவைத்தது. இந்தச் சிகிச்சை புதிய முடியை உண்டாக்குவதில்லை. வழுக்கைக்கு எளிதில் ஆளாகாத பின்னந்தலை முடியைப் பிடுங்கி முன்னால் நடுகிறார்கள், அவ்வளவுதான். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே பின்னந்தலை என்பது ஒருமுறை செலவழித்தால் திரும்ப வராத கைமுதல். என் தலையில் அதை அளவின்றி எடுத்திருக்கிறார்கள். செல்லரித்த துணி போல் திட்டுத் திட்டாக இருக்கிறது. நெற்றிக் கோட்டையும் பள்ளிப் பையனுக்குப் போடுவது போல் கீழே இறக்கிவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த என் சொந்த முடி தொடர்ந்து உதிர்கிறது. முன்னால் ஒரு பட்டை, நடுவில் வெறும் தோல். அதை மூட இன்னொரு முறை நடலாம் என்றால் எடுக்கப் பின்னால் போதிய முடி இல்லை.

23 வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று கணிப்பதே கடினம். முதலில் தோல் மருத்துவரைப் பார், உதிர்வதை மருந்தால் நிறுத்த முடியுமா என்று கேள், நட்டாலும் பிறகு மருந்தைத் தொடர வேண்டியிருக்குமா என்றும் கேட்டுத் தெரிந்துகொள் என்று தம்பியிடம் சொன்னேன். யார் கையால் எடுப்பார்கள், யார் நடுவார்கள், பின்னந்தலையில் எவ்வளவு மிச்சம் வைப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்கச் சொன்னேன். என் தலையைக் குனிந்து காட்டினேன். கட்டிய 5,000 போகட்டும், நான் தருகிறேன் என்றேன்.

யோசிக்கிறேன் அண்ணா என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குக் குறித்திருக்கும் நாள் வரும் வியாழக்கிழமை.