சொகுசுக் காரில் பாட்டுக் கேட்க: பென் டிரைவே முதலிடம்
கோவையில் வாங்கிய ஜெர்மானியச் சொகுசுக் காரில் பாடல்களைச் சேமித்துக் கேட்க உள்ள வழிகளுள் யூஎஸ்பி பென் டிரைவையே முதலிடத்தில் வைக்கிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, இணையவழிப் பாடல்கள் பல்லவியிலேயே நின்றுவிடுகின்றன. பென் டிரைவோ தடையின்றி ஓடுகிறது.

ஒலித்தரத்திலும் புளூடூத்தைவிட அதுவே மேல். குறுந்தகட்டின் ஒலித்தரவு நொடிக்கு 1,411 கிலோபிட். அதை ஃபிளாக் (FLAC) என்னும் ஒலிக்கோப்பாக மாற்றிப் பென் டிரைவில் ஏற்றினால் தரம் சிறிதும் குறையாமல் இடம் மட்டும் வெகுவாகக் குறையும். புளூடூத்தில் ஒலி வழக்கமாகச் சுருக்கப்பட்டே வருவதால், இத்தனை அருமையான ஸ்பீக்கர்கள் இருந்தும், நம் கொங்கு வட்டார உடுக்கையடிப் பாட்டில் உடுக்கையின் விம்மல் மங்கிவிடுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஐபோனைக் காரின் திரையோடு இணைக்கும் கார்பிளேயைக் கம்பிவழி பயன்படுத்தினால் அந்தக் குறை இல்லை.

காரின் உள் ஹார்ட் டிஸ்க்கிலும் பாடல்களை ஏற்றலாம். ஆனால் காரை விற்கும்போது அந்தத் தொகுப்பும் காரோடு போய்விடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் திரையில் வெற்றுக் கட்டங்களாகத் தெரிவது, இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் காரில் பொறுக்க முடியாத குறை. தயாரிப்பாளர் அதை மென்பொருள் புதுப்பிப்பிலேனும் சரிசெய்ய வேண்டும்.