பழமொழிக் கலண்டரும் அதன் விளக்கவுரையும்

கடந்த மார்கழியில் வெள்ளவத்தை காலி வீதிக் கடையொன்றில், நாளுக்கொரு பழமொழியும் அதன் கீழே விளக்கமும் அச்சிட்ட தினக் கலண்டர் ஒன்றை 650 ரூபாவுக்கு வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். பாதிக்கு மேல் கிழித்தாயிற்று. பூரணை, இராகு காலம் எல்லாம் வழமைபோல உண்டு. எழுத்துப் பெரிதாக இருப்பதால் அம்மம்மா கண்ணாடி தேடாமலே வாசிக்கிறார். தாள்தான் மெல்லியது, அவசரமாக இழுத்தால் நாளையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

தெரிவைப் பாராட்டத்தான் வேண்டும். "கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற யாழ்ப்பாணத்து வழக்கை ஒரு தாளில் கண்டபோது மகிழ்ந்தேன். கவர்ன்மெண்ட் என்ற சொல் நாவில் புரண்டு கோர்ணமேந்து ஆன கதையையும், ஓய்வூதியத்தோடு கூடிய அரச உத்தியோகத்தைக் கனவு கண்ட தலைமுறைகளின் மனக்கணக்கையும் அந்த ஒரு வரி சுமந்து நிற்கிறது. தனியார் கம்பனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தம்பியை அம்மம்மா அன்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

என் மனத்தாங்கல் விளக்கங்களைப் பற்றியது. "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது பிழையாம். ஆயிரம் மூலிகை வேரைக் கண்டவன் என்பதே சரியாம். போலி வைத்தியனைக் குத்திய நையாண்டி இவ்வாறு நற்சான்றிதழாகிவிட்டது. "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா" என்பதில் வருவது குதிரையே அல்ல, ஆற்றுமணல் மேடாகிய குதிராம். ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரைகளை நிறுத்தி வைத்த ஒரு சமூகத்துக்கு, ஈரத்தில் கரையும் பச்சை மண்குதிரையைக் கற்பனை செய்யத் தெரியாதா? "பெண்புத்தி பின்புத்தி" என்பதற்குப் பின்வருவதை முன்னறியும் புத்தி என்று உரை எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. இழிவுபடுத்தும் சொல்லை வெள்ளையடித்து மாட்டுவதைவிட, முன்னோர் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வதோ அந்த நாளுக்கு வேறொன்றைப் போடுவதோ நேர்மையாக இருந்திருக்கும்.

நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, எண்மை (எளிமை) என்பனவே முதுமொழியின் இயல்புகள் என்கிறது தொல்காப்பியம். கேட்ட கணத்தில் விளங்கும் ஒன்றுக்கு ஆறு வரியில் மாற்றுப்பொருள் கற்பிக்கும்போது இந்நான்கில் எதுவும் மிஞ்சுவதில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், 1874இல் வெளிவந்த தம் தொகுப்பில் 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தந்தார். அந்தத் தன்னடக்கம் இக்கலண்டரின் உரையாசிரியருக்கும் வாய்த்திருக்கலாம்.

ஆயினும் அடுத்த ஆண்டும் வாங்குவேன். கிழித்த தாள்களில் பழமொழி உள்ள மேற்பாதியை மட்டும் கத்தரித்து, அம்மம்மா பிஸ்கட் பேணியொன்றில் சேர்த்து வருகிறார். கீழ்ப்பாதி அடுப்படியில் எண்ணெய் ஒற்றப் போகிறது.