பவுடர் கோட்டிங்: பளபளப்பா, மேட்டா, சொரசொரப்பா?

உலோகத்தின் மேல் பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் பவுடர் கோட்டிங் என்றதும் எல்லோரும் முதலில் கலர் அட்டையைத்தான் புரட்டுகிறார்கள். நான் ஃபினிஷை, அதாவது மேற்பரப்பு மின்ன வேண்டுமா, மின்னாத மேட்டா, சொரசொரப்பா என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். ரால் (RAL) என்ற நிற எண் வரிசையில் 9005 என்ற ஒரே கறுப்பை ஒரு தகட்டில் பளபளப்பாகவும் இன்னொன்றில் மேட்டாகவும் அடித்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், பளபளப்பானது கருகருவென்று ஆழமாக நிற்கும், மேட் கொஞ்சம் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். எண் ஒன்றுதான், கண்ணுக்கு இரண்டு நிறம்.

பளபளப்பில் இருக்கும் வசதி துடைப்பது, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் அது எதையும் மறைக்காது. வெல்டிங்கைக் கிரைண்டரில் தேய்த்த கோடு, தகட்டின் லேசான நெளிவு எல்லாம் வெளிச்சம் பட்டதும் பல்லை இளிக்கும். பூச்சின் கனமே வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அதை வைத்து எந்தக் குழியை நிரப்புவது?

மேட் அழகுதான், கை படாத இடம் என்றால். கறுப்பு மேட்டில் எண்ணெய்க் கை பட்டால் விரல் தடம் அப்படியே நிற்கும். அதைப் போக்குகிறேன் என்று அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுமினுக்கத் தொடங்கும், அப்புறம் அதைப் பழையபடி கொண்டுவர முடியாது. கைப்பிடி, நாற்காலிக்கெல்லாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாட்டின் போதும்.

கேட், கிரில், வெளிச்சட்டங்களுக்கு என் ஓட்டு மெல்லிய சொரசொரப்புக்கு. வெல்டிங் தடத்தையும் சின்னக் கீறலையும் அது விழுங்கிவிடும். தூசி உட்காரும், பிரஷ் எடுக்க வேண்டும், சரி. சொரசொரப்பு தடிமனானால் துடைக்கும் துணியின் நூலையே பிடித்துக்கொள்ளும், அது வேண்டாம்.

இனி நிறம். வெயிலில் நிற்கும் பொருளுக்கு நிறத்துக்கு முன் எந்தப் பவுடர் என்று கேளுங்கள். எபாக்ஸி வகைப் பவுடர் துருவைத் தடுப்பதில் கெட்டி, ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும், வெளியே பாலியெஸ்டர் பவுடர்தான். அதிலும் பளிச் சிவப்பு, மஞ்சளை விட சாம்பலும் மண் பழுப்பும் நிறம் மங்காமல் தாங்கும். கறுப்பு சூட்டை இழுக்கும், கை வைக்கும் கம்பிக்கு அதைத் தவிர்க்கலாம்.

உலோகம் போல மினுங்கும் மெட்டாலிக் நிறம் கேட்பவர்களுக்கு ஒன்று: மொத்தத்தையும் ஒரே தடவையில் அடித்துவிடுங்கள். நான் இரண்டு தகடு குறைவாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதே எண்ணில் அடித்து வாங்கிப் பக்கத்தில் மாட்டினேன். காலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த இரண்டு மட்டும் தனியாகத் தெரிகிறது.