பம்பருக்கு வீட்டிலேயே வண்ணம்: ஒன்-கே கேனா, டூ-கே கேனா, ஸ்ப்ரே கன்னா?

காரின் பம்பரிலோ பக்கக் கண்ணாடிக் கவரிலோ வண்ணம் பெயர்ந்துவிட்டால், வீட்டிலேயே அதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும் ஒன்-கே ஸ்ப்ரே கேன். அடுத்தது, பொத்தானை அழுத்தி உள்ளிருக்கும் ஹார்டனரை, அதாவது பூச்சை இறுக வைக்கும் வேதிப்பொருளைக் கலந்தபின் அடிக்கும் டூ-கே கேன். மூன்றாவது, கம்ப்ரெசரில் இயங்கும் ஸ்ப்ரே கன். பொதுவாக இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்தப் பூச்சுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே சரி.

அடிப்பூச்சில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் பெரும்பாலான வேலைகள் கெடுவது இங்கேதான். பம்பரைக் கழற்றி உட்புறம் பார்த்தால், எந்த பிளாஸ்டிக் என்பது அச்சிடப்பட்டிருக்கும். பாலிபுரோப்பிலீனுடன் இபிடிஎம் ரப்பர் கலந்த வகையே பம்பர்களில் மிகுதி. இதன் மேற்பரப்பில் எந்தத் திரவமும் எளிதில் படர்ந்து ஒட்டாது என்பதால், வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடங்களில் குளோரினேற்றிய பாலியோலிஃபின் அடங்கிய ஒட்டுப்பூச்சை மெல்லியதாக அடித்த பிறகே ப்ரைமர் என்னும் அடிப்பூச்சை அடிக்க வேண்டும். கண்ணாடிக் கவர்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் வகை. அவற்றை 400 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தபின் பிளாஸ்டிக் ப்ரைமர் அடித்தாலே போதும், ஆனால் கடுமையான தின்னரால் துடைத்தால் ஏபிஎஸ் இளகிவிடும். பழைய வண்ணம் உறுதியாக ஒட்டியிருக்கும் பகுதிக்கு ஒட்டுப்பூச்சு தேவையில்லை. பளபளப்புப் போகத் தேய்த்தால் போதும். இந்தப் படி பிசகினால், வாட்டர் சர்வீஸில் அழுத்த நீர் படும்போது எவ்வளவு விலையுயர்ந்த வண்ணமும் தோலாக உரிந்து வரும்.

நிறப்பூச்சுக்கு ஒன்-கே கேனே போதும் என்பது என் முடிவு. மேலே கிளியர் என்னும் நிறமற்ற காப்புப் பூச்சு வரப்போவதால் நிறப்பூச்சு தனியாக வெயிலையும் மழையையும் தாங்க வேண்டியதில்லை. காரின் வண்ணக் குறியீட்டைக் கொடுத்தால் அதற்கேற்பக் கலந்து கேனில் அடைத்துத் தரும் வண்ணக் கடைகள் உள்ளன. வெள்ளை, சிவப்பு போன்ற சாதாரண நிறங்கள் கேனில் நன்றாகவே அமையும். மெட்டாலிக் நிறங்களில் மட்டும் காற்றழுத்தத்தையும் தெளிப்பின் அகலத்தையும் மாற்றிக்கொள்ள முடிகிற ஸ்ப்ரே கன் தெளிவாக முந்துகிறது, ஏனெனில் உலோகத் துகள்கள் சீராகப் படியாவிட்டால் பட்டை பட்டையாகத் தெரியும்.

கிளியர் பூச்சில்தான் ஒன்-கேக்கும் டூ-கேக்கும் உள்ள இடைவெளி பெரிது. ஒன்-கே கிளியர் கரைப்பான் ஆவியாகிக் காய்வது. அதனால் பெட்ரோலோ தின்னரோ பட்டால் மீண்டும் இளகக்கூடும். டூ-கே கிளியரோ ஹார்டனருடன் வேதிவினை புரிந்து வலைபோல் பிணைந்து இறுகுவதால், பெட்ரோலையும் கடும் வெயிலையும் நெடுங்காலம் தாங்குகிறது. விலை அதிகம், பொத்தானை அழுத்திய கேனை ஓரிரு நாளுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே பம்பர், கண்ணாடிக் கவர் இரண்டையும் தயார்செய்து ஒரே நாளில் முடிப்பதே சிக்கனம்.

ஆனால் டூ-கே ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பும். துணி முகக்கவசமோ என்-95 கவசமோ ஆவியைத் தடுக்காது. தகுந்த வடிகட்டி கொண்ட சுவாசக் கவசம், கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டமுள்ள திறந்தவெளி ஆகியவை இல்லாதவர், அதிலும் வீட்டில் குழந்தைகள் இருப்பவர், நிறம்வரை தாமே அடித்துவிட்டு, கிளியரை மட்டும் பெயின்டிங் கடையில் கொடுப்பதையே நான் வலியுறுத்துவேன்.

ஸ்ப்ரே கன் ஒரு பம்பருக்காக வாங்கத் தக்கதன்று. டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரெசர் அதற்கு ஈடுகொடுக்காது. அடித்து முடித்தபின் கன்னைத் தின்னரில் கழுவும் வேலையும் சேரும்.

எதைத் தேர்ந்தாலும், வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும் வாய்ப்பு உண்டு. பின் பம்பருக்குள் ரேடார் பொருத்தப்பட்ட கார்களில் பூச்சின் தடிமனும் உலோகத் துகள்களும் அலைகளைப் பாதிக்கலாம் என்பதால், அந்தப் பம்பரை மட்டும் தயாரிப்பாளரின் வழிமுறைப்படி செய்யும் சர்வீஸ் சென்டரிடமே விட வேண்டும்.