எஸ். ராஜம் குரலில் கோடீசுவர ஐயர்: குறுந்தகடு விமர்சனம்
மயிலாப்பூர் மாடவீதிக் கடையொன்றில் வாங்கிய இக்குறுந்தகட்டில், கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் கோடீசுவர ஐயர் தமிழில் இயற்றிய கிருதிகளுள் சிலவற்றை எஸ். ராஜம் (1919–2010) பாடியிருக்கிறார். 1934-இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமராக நடித்து, பின்னர் சென்னை வானொலி நிலையத்தில் பணியாற்றி, நம் வீட்டுச் சுவர்களில் இன்றும் தொங்கும் சங்கீத மும்மூர்த்திகள் படத்தை வரைந்தவரும் இவரே. மிக நெருங்கி நின்று ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்களைக் கொண்டவை என்பதால் பாடகர் பலர் தயங்கி ஒதுங்கும் விவாதி ராகங்கள்தாம் இத்தொகுப்பின் உயிர். அவற்றுள் ஒன்றான கனகாங்கியில் சுத்த ரிஷப ஸ்வரத்தையும் அதை ஒட்டி நிற்கும் சுத்த காந்தாரத்தையும், காதை உறுத்தாமல், அவசரமின்றித் தனித்தனியே நிறுத்திக் காட்டும் அந்த நிதானத்தை மூன்று முறை திரும்பக் கேட்டேன். ஒலிப்பதிவு தெளிவாகவே இருக்கிறது. ஆனால், தமிழ்ச் சாகித்தியத்துக்காகவே கேட்கவேண்டிய தொகுப்பில் பாடல் வரிகளை அச்சிடாமல் விட்டது பெருங்குறை. மறுபதிப்பில் அவசியம் சேர்க்கவேண்டும்.