சிங்க்திங்: புதிய கணினிக்கு மாற்றிப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்க நான் பயன்படுத்திவந்த மேசைக் கணினி விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதி இல்லாதது என்பதால், புதியது வாங்கவேண்டிய கட்டாயம் வந்தது. வாங்குவது அரை நாள் வேலை. அதிலிருந்த ஏறத்தாழ 180 ஜிபி கோப்புகளையும், அவற்றை என் மடிக்கணினியோடும் தம்பி வீட்டில் இரவுபகலாக ஓடும் சிறிய லினக்ஸ் கணினியோடும் ஒத்திசைத்துக்கொண்டிருந்த சிங்க்திங் மென்பொருளையும் சேதாரமில்லாமல் இடம் மாற்றுவதுதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. சிங்க்திங்கின் அன்றாடப் பயன்பாட்டைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள்; கணினி மாறும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சிங்க்திங் 2013 இறுதியில் முதன்முதலாக வெளியான, கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட, கட்டணமில்லாத திறமூல மென்பொருள். நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பகமும் கிடையாது. உங்கள் கணினிகள் ஒன்றோடொன்று மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. நேரடி இணைப்பு கிடைக்காத இடங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலைச் சேவையகங்கள் வழியாகத் தரவு போகும், ஆனால் அதைப் படிக்க அவற்றால் முடியாது. பயனர் கணக்கு என்ற ஒன்றே இதில் இல்லை. அதனால்தான் கணினி மாற்றும்போது, மற்ற சேவைகளில் செய்வதுபோல் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்துவிட முடிவதில்லை.

கணக்குக்குப் பதிலாக ஒவ்வொரு கணினிக்கும் ஒரு டிவைஸ் ஐடி இருக்கிறது. ஏழு எழுத்துகள் கொண்ட எட்டுத் தொகுதிகளாகத் திரையில் தெரியும் அந்த நீண்ட வரிசை, அந்தக் கணினி தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழிலிருந்து கணக்கிடப்படுவது. சான்றிதழ் 'செர்ட்.பெம்' என்ற கோப்பிலும், அதற்குரிய ரகசியச் சாவி 'கீ.பெம்' என்ற கோப்பிலும், எந்தக் கோப்புறை யாரோடு பகிரப்படுகிறது என்பது போன்ற அமைப்புகள் எல்லாம் 'கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பிலும் இருக்கின்றன. விண்டோஸில் இவை மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள், லோக்கல் என்பதன் கீழ் சிங்க்திங் என்ற பெயரில் கிடைக்கும். சில கிலோபைட் அளவே உள்ள இந்த மூன்று கோப்புகளையும் புதிய கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டால், மற்றக் கணினிகளின் கண்ணுக்கு அதுதான் பழைய கணினி. அவற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, தம்பி வீட்டுக்கு நடக்கவும் வேண்டியதில்லை.

அதே கோப்புறையில் நான்காவதாக ஒன்று இருக்கிறது: எந்தக் கோப்பு எந்த நிலையில் இருந்தது என்பதைக் குறித்துவைத்திருக்கும் இன்டெக்ஸ் தரவுத்தளம். இதை மட்டும் எடுத்துப்போகக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று முழுக் கோப்புறையையும் அப்படியே நகலெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் இழப்பைச் சந்திக்கிறார்கள். காரணம் எளியது. தரவுத்தளத்தில் ஒரு கோப்பு பதிவாகியிருந்து, வட்டில் அது இல்லையென்றால், பயனர் அதை நீக்கிவிட்டார் என்றே சிங்க்திங் முடிவு செய்யும். அந்த நீக்கத்தை மற்றக் கணினிகளுக்கும் கடமை தவறாமல் சொல்லியனுப்பும். கோப்புகள் இன்னும் வந்துசேராத ஒரு காலிக் கோப்புறையைப் பழைய தரவுத்தளத்தோடு இயக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தரவுத்தளம் இல்லாமல் தொடங்கினால் அந்த ஆபத்து இல்லை. பழையது எதுவும் அதற்கு நினைவில் இல்லாததால், காலிக் கோப்புறை என்பது நிரப்பப்பட வேண்டிய ஒன்றாகவே அதற்குத் தோன்றும். வட்டில் இருப்பதை முழுவதும் படித்துப் புதிய தரவுத்தளத்தைத் தானே எழுதிக்கொள்ளும்.

இந்த ஆபத்துக்கு மென்பொருளிலேயே ஒரு தடுப்பும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகிர்வுக் கோப்புறைக்குள்ளும் '.எஸ்டிஃபோல்டர்' என்று ஓர் அடையாளம் இருக்கும். அது காணப்படவில்லையென்றால், வட்டு சரியாக இணைக்கப்படவில்லை என்று கருதி அந்தக் கோப்புறையின் ஒத்திசைவு பிழைச் செய்தியோடு நின்றுவிடும். திரையில் சிவப்பைக் கண்ட பதற்றத்தில் அந்த அடையாளத்தைக் கையால் உருவாக்கிவிடாதீர்கள். முதலில் கோப்புகள் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். மூன்று கணினிகளிலும் எல்லாக் கோப்புறைகளும் பச்சையில் 'அப் டு டேட்' என்று காட்டும்வரை காத்திருந்தேன். பிறகு பழைய கணினியில் உலாவி வழியாக 127.0.0.1:8384 முகவரியில் திறக்கும் பக்கத்தில் எல்லாக் கோப்புறைகளையும் இடைநிறுத்தினேன். இடைநிறுத்திய நிலையும் கான்ஃபிக் கோப்பிலேயே பதிவாகும் என்பதால், புதிய கணினியில் முதல்முறை இயக்கும்போது அது எதையும் தொடாமல் அமைதியாக நிற்கும். அதன்பின் சிங்க்திங்கை நிறுத்தி, மூன்று கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, 180 ஜிபியையும் வெளி வட்டு வழியாக, திருத்திய நேரம் மாறாதபடி, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு நகலெடுத்தேன். பல மாதங்களுக்கு முந்தைய காப்புப் பிரதியிலிருந்து கோப்புகளைப் போடுவது சரியல்ல. இடையில் நீங்கள் நீக்கிய கோப்புகள் எல்லாம் உயிர்பெற்று மற்றக் கணினிகளிலும் வந்து நிற்கும்.

மூன்று கோப்புகளையும் மென்பொருளை முதல்முறை இயக்குவதற்கு முன்பே உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது புதிதாக ஒரு ஐடியை உருவாக்கிக்கொள்ளும். என் பழைய கணினியில் கோப்புகள் இ வட்டில் இருந்தன, புதியதில் டி வட்டில். ஏற்கெனவே உள்ள கோப்புறையின் பாதையை வழக்கமான அமைப்புத் திரை காட்டுமே தவிர, மாற்ற விடாது. எனவே கான்ஃபிக் கோப்பை நோட்பேடில் திறந்து, ஒவ்வொரு கோப்புறைக்கும் உரிய வரியில் பாதையைத் திருத்தினேன். பிறகு இயக்கி, எல்லாக் கோப்புறைகளையும் 'ரிசீவ் ஒன்லி' வகைக்கு மாற்றிவிட்டு, சிறிய கோப்புறையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இடைநிறுத்தத்தை விலக்கினேன். அந்த வகையில் இருக்கும்வரை புதிய கணினியில் ஏதாவது வேறுபாடு இருந்தாலும் அது பிறருக்குப் போகாது. பெறுவது மட்டுமே நடக்கும். எல்லாம் சரியென்று உறுதியானபின் பழைய வகைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில்தான் மென்பொருளின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. சிங்க்திங் கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஷா-256 முறையில், கைரேகை போன்ற ஓர் அடையாளத்தை (ஹாஷ்) கணக்கிட்டு ஒப்பிடுகிறது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் மீண்டும் அனுப்புவதில்லை. முக்கால் மணி நேரம் வட்டைப் படித்து முடித்ததும், மூன்று கணினிகளிலும் பச்சை தெரிந்தது. இணையம் வழியாகப் போனது சில மெகாபைட்டுகள் மட்டுமே. ஒரே கோப்பின் இரு பதிப்புகள் மோதும்போது உருவாகும் முரண்நகல் கோப்பு ஒன்றுகூட உருவாகவில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'கோயில்' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். சிங்க்திங் இதை அறிந்து, விண்டோஸிலும் லினக்ஸிலும் சேர்ந்த வடிவத்துக்குப் பெயரைத் தானே திருத்திக்கொள்கிறது. 'கொ', 'கோ', 'கௌ' வரும் பெயர்களை எல்லாம் தேடிப் பார்த்தேன். இரட்டையாக எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. எந்தக் கோப்புகளை ஒத்திசைக்க வேண்டாம் என்று சொல்லும் '.எஸ்டிஇக்னோர்' கோப்பு பகிர்வுக் கோப்புறைக்குள்ளேயே இருந்தாலும், அது மட்டும் கணினிகளுக்கிடையே ஒத்திசைக்கப்படுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மடிக்கணினியை மாற்றியபோது நான் வெளி வட்டைப் பயன்படுத்தாமல், கோப்புகள் இணைப்பு வழியாகவே வரட்டும் என்று விட்டிருந்தேன். கோப்புகள் வந்தன, விலக்குப் பட்டியல் வரவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. வடிவமைப்பு வேலையின் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் ஓர் இரவுக்குள் தம்பி வீட்டுக் கணினியின் வட்டை நிரப்பிவிட்டன. ஒவ்வொரு கணினிக்கும் வேறு விலக்குகள் தேவைப்படலாம் என்பதால் இது திட்டமிட்ட ஏற்பாடே. ஆனால் புதிதாக வருபவர் அதை ஊகிக்க வழியில்லை. 'இந்தக் கணினியை இடம் மாற்று' என்று ஒரு பொத்தான் இருந்தால், நான் இதுவரை எழுதியதில் பாதி தேவைப்பட்டிருக்காது. கைபேசியையும் சேர்த்து மாற்றுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க் செயலிதான் இப்போது பலரும் பயன்படுத்துவது.

பழைய கணினியும் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் ஐடியை எடுத்துச் செல்லவே கூடாது. ஒரே ஐடியில் இரண்டு கணினிகள் இயங்கினால் ஒன்றின் இணைப்பை மற்றொன்று பறித்துக்கொண்டேயிருக்கும். அப்படிப்பட்டவர்கள் புதியதில் புதிய ஐடியோடு நிறுவி, மற்றக் கணினிகளில் அதைச் சேர்த்து, கோப்புறைகளைப் பகிர்ந்துகொள்வதே நல்லது. இரண்டு மூன்று கணினிகள் மட்டுமே உள்ளவர்களுக்கு இந்த வழி இன்னும் எளிது. ஆறேழு கணினிகளில் இருபது கோப்புறைகளைப் பகிர்ந்திருப்பவர்களுக்குத்தான் மூன்று கோப்புகளை எடுத்துச் செல்லும் வழி பெரிய நிம்மதி.

என் பழைய கணினியை உறவுக்காரப் பையன் ஒருவன் படிப்புக்குக் கேட்டிருந்தான். ரகசியச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் என் கணினியாகவே மற்றவற்றோடு இணைய முடியும் என்பதால், கொடுப்பதற்கு முன் வட்டை முழுவதுமாக அழித்து லினக்ஸ் நிறுவினேன். சாவி இருந்த பென்டிரைவையும் அன்றே அழித்தேன். அவன் பாடக் குறிப்புகளுக்கு இப்போது அதில் புதிய ஐடியோடு ஒரு சிங்க்திங் ஓடுகிறது.